கெய்ரோ கெனிசா: ஒரு நூலகத் தொகுப்பு மும்முறை உருவான வரலாறு

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் அரிய சுவடித் தொகுப்பு என்பது, அறிஞர் தேடித் தேர்ந்ததும் புரவலர் மனமுவந்து அளித்ததுமான செல்வம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் பேணிவரும் கெய்ரோ கெனிசாத் தொகுப்போ, காக்கப்பட வேண்டும் என்று எவரும் எண்ணாத தாள்களால், பயன் தீர்ந்தவை என்று ஒதுக்கப்பட்டவற்றால் ஆனது. ஏறத்தாழ 1,93,000 துணுக்குகள் அடங்கிய அத்தொகுப்பு இடைக்காலத்து மத்தியதரைக் கடல் நாடுகளின் வரலாற்றையும் இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வரலாற்றையும் மாற்றி எழுதச் செய்தது. எனினும் அம்மாற்றம் அது நூலகத்தை வந்தடைந்த நாளிலேயே நிகழ்ந்துவிடவில்லை. பழைய கெய்ரோ மக்கள் தாள்களை ஒதுக்கியபோது ஒருமுறையும், அவற்றைப் பெற்ற அறிஞர் தரம் பிரித்தபோது மற்றொரு முறையும், அவர் தள்ளிவைத்ததைப் பின்வந்தோர் மீண்டும் திறந்தபோது மூன்றாம் முறையும் உருவான தொகுப்பு என்றே அதனைக் கொள்ள வேண்டும்.

கெனிசா என்பது, இறைவனின் பெயர் எழுதப்பட்ட ஏடு எதனையும் எரிக்கவோ கிழித்தெறியவோ கூடாது என்னும் யூத நெறியின் வழியே எழுந்த சேமிப்பறை. ஓதி ஓதி நைந்த வேத நூல்களும் பிழைபட்ட படிகளும் அங்கே இடப்பட்டு, அறை நிறைந்தபின் இடுகாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மண்ணில் அடக்கம் செய்யப்படுவது வழக்கம். பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில் இருந்த பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் இவ்வழக்கம் இருவகையில் திரிந்தது. அங்கிருந்த யூதர்கள், இறைப்பெயர் உள்ளதா என்று பாராமல், எபிரேய எழுத்தில் அமைந்த தாள்களையெல்லாம் கெனிசாவில் இட்டனர். அவ்வாறு இட்டவற்றில் பெரும்பகுதியை மண்ணில் அடக்கம் செய்யாமலும் விட்டுவிட்டனர். பெண்களுக்குரிய மாடத்தின் கோடியில், ஏணி வைத்து ஏறி உயரத்துத் திறப்பு வழியே தாள்களை உள்ளே போடும்படி அமைந்திருந்த அவ்வறையில், எகிப்தின் வறண்ட காற்று எஞ்சிய காவலைச் செய்தது.

11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அத்தொழுகைக் கூடம் மீண்டும் கட்டப்பட்டது. அக்காலம் எகிப்தை ஃபாத்திமிய கலீஃபாக்கள் ஆண்ட காலம். செங்கடல் வழியே இந்தியாவுக்கும், மத்தியதரைக் கடல் வழியே சிசிலி, துனீசியா, ஸ்பெயின் ஆகியவற்றுக்கும் சென்ற வணிகர்கள் ஃபுஸ்தாத்தில் வந்து கூடிய காலம். அந்நகரத்து யூதர்கள் வீட்டிலும் கடையிலும் பேசிய மொழி அரபு; எழுதியது பெரும்பாலும் எபிரேய எழுத்தில். தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழைப் போன்றது இம்முறை. யூத அரபு என்று அறிஞர் இதனைக் குறிப்பர். எழுத்து எபிரேயமாக இருந்த ஒரே காரணத்தால், திருமண ஒப்பந்தங்களும், சீர்வரிசைப் பட்டியல்களும், வணிகக் கடிதங்களும், கணக்குத் தாள்களும், மருந்துக் குறிப்புகளும், சிறுவர் எழுத்துப் பழகிய ஏடுகளும் வேத நூல்களோடு ஒரே அறையில் சேர்ந்தன.

19ஆம் நூற்றாண்டில் பயணிகளும் சுவடித் தரகர்களும் இவ்வறையைப் பற்றி அறியத் தொடங்கினர். 1864இல் யாக்கோபு சாஃபிர் என்னும் யூதப் பயணி உள்ளே சென்று பார்த்துவிட்டுச் சில தாள்களை மட்டும் எடுத்துச் சென்றார். அந்நூற்றாண்டின் இறுதியில் தொழுகைக் கூடம் இடித்துப் புதுக்கப்பட்டபோது தாள்கள் வெளியே கொண்டுவரப்பட்டமையால் அவற்றில் பல கெய்ரோவின் அங்காடிகளை அடைந்தன. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் அவற்றுள் ஒரு பகுதியை வாங்கியது. எல்கன் நேதன் ஆட்லர் என்னும் இலண்டன் வழக்கறிஞர் 1896 சனவரியில் அங்கிருந்து ஒரு தொகுதியைத் தம்முடன் கொண்டுசென்றார்.

கேம்பிரிட்ஜின் பங்கு அதே ஆண்டு மே மாதத்தில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இரட்டைச் சகோதரியரும், சீனாய் மலைத் துறவி மடத்தில் சிரியாக் மொழி நற்செய்திச் சுவடி ஒன்றைக் கண்டறிந்து புகழ்பெற்றவர்களுமான ஆக்னஸ் லூயிசும் மார்கரெட் கிப்சனும், கிழக்கு நாடுகளில் தாங்கள் வாங்கிவந்த ஏடுகளை, பல்கலைக்கழகத்தில் யூதச் சமய நூல்களைக் கற்பித்துவந்த சாலமன் ஷெக்டரிடம் காட்டினர். அவற்றுள் ஒன்று, தமிழ்க் கத்தோலிக்க விவிலியத்தில் ‘சீராக்கின் ஞானம்’ என்று வழங்கும் நூலின் எபிரேய மூலம் என்பதை அவர் உணர்ந்தார். அதுவரை கிரேக்கம், சிரியாக் முதலிய மொழிபெயர்ப்புகளின் வழியே மட்டும் அறியப்பட்டிருந்த நூல் அது. தூய யோவான் கல்லூரியின் தலைவரும் கணித அறிஞருமான சார்லஸ் டெய்லர் செலவை ஏற்க, ஷெக்டர் அந்த ஆண்டு டிசம்பரில் கெய்ரோவை அடைந்து, அங்கிருந்த யூதர்களின் தலைமைக் குருவிடம் விரும்பியதை எடுத்துச்செல்லும் இசைவைப் பெற்றார். அச்சிட்ட தாள்களில் அவருக்கு நாட்டமில்லை. கையெழுத்தில் அமைந்தவை என்று கண்டவற்றையெல்லாம் மூட்டைகளாகக் கட்டி அனுப்பினார். 1898இல் டெய்லர், ஷெக்டர் இருவரின் பெயராலும் பல்கலைக்கழகம் அக்கொடையை ஏற்றுக்கொண்டது.

அச்சுத் தாள்களை விலக்கியது ஷெக்டரின் முதல் தேர்வு எனின், கேம்பிரிட்ஜில் பெட்டிகளைப் பிரித்தபோது நிகழ்ந்தது இரண்டாவது தேர்வு. ஷெக்டர் நூலகத்தின் ஓர் அறையில் அமர்ந்து, விவிலியம், வழிபாட்டுப் பாடல், சமயச் சட்டம், தத்துவம், கடிதம் எனப் பொருள்வாரியாகத் தாள்களை வகைப்படுத்தினார். சிறப்புடையவை கண்ணாடிச் சட்டங்களில் இடப்பட்டன. ஏனையவை பெட்டிகளிலும் தொகுதிகளிலும் அடுக்கப்பட்டன. எத்தகுதியும் இல்லாதவை என்று தோன்றிய சிதறல்கள் வந்த பெட்டிகளிலேயே தங்கின. அக்கால எபிரேயவியலின் நாட்டம் சமய இலக்கியத்தின் மீதே இருந்தது. அந்நாட்டத்துக்கு உரிய பயனும் உடனே விளைந்தது. பழைய எழுத்தைச் சுரண்டி அதன்மேல் புதிதாக எழுதப்பட்ட மேலெழுத்துத் தோல் ஏடுகள் சிலவற்றில், எபிரேயப் பாடல்களுக்கு அடியில் அக்கிலா என்பாரின் கிரேக்க விவிலிய மொழிபெயர்ப்பு இருப்பதை பர்க்கிட் என்னும் அறிஞர் 1897இல் வெளியிட்டார். ஷெக்டர் 1910இல் பதிப்பித்த, பழங்கால யூதக் குழு ஒன்றின் ஒழுக்க விதிகளைக் கூறும் நூலுக்கு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சாக்கடலையடுத்த கும்ரான் குகைகளில் அதனினும் பழைய படிகள் கிடைத்தன. கெனிசாவின் இடைக்காலப் படிகள் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு மூலத்தை வழிவழியாகக் கொண்டுவந்தவை என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

ஷெக்டர் 1902இல் நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரிக்குத் தலைமையேற்கச் சென்றபின் தொகுப்பின் மீதான ஊக்கம் தளர்ந்தது. நூலகப் பணியாளராகிய எர்னஸ்ட் வொர்மன், தேவையான மொழிகளைப் பயின்று, கடிதங்களுக்கும் ஆவணங்களுக்கும் அட்டவணை எழுதத் தொடங்கினார். அவர் 1909இல் இளமையிலேயே இறந்தமையால் அப்பணி நின்றது. ஃபாத்திமியர் ஆட்சியில் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் வாழ்ந்த யூதரைப் பற்றி ஜேக்கப் மான் 1920களின் தொடக்கத்தில் வெளியிட்ட நூல், கெனிசா ஆவணங்களைக் கொண்டு ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுத முடியும் என்பதைக் காட்டியது; எனினும் அவர் கருத்தைச் செலுத்தியது பெரிதும் தலைவர்கள் மீதும் அவர்கள் வகித்த பதவிகள் மீதுமே.

மூன்றாம் உருவாக்கம் 1950களில் தொடங்கியது. எஸ். டி. கோய்ட்டைன் ஜெர்மனியில் பிறந்து அரபியல் பயின்றவர். யெமன் யூதரின் பேச்சையும் வாழ்க்கையையும் அவர்களிடையே கேட்டறிந்து ஆய்ந்தவர். கடைக்காரர் கணக்கையும் கணவன்மனைவி வழக்கையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் பயிற்சி அவருக்கு அந்த ஆய்வால் வாய்த்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தீண்டப்படாமல் கிடந்த பெட்டிகள் திறக்கப்பட்டு, அவற்றில் இருந்தவை ‘புதிய வரிசை’ என்னும் பெயரில் எண்ணிடப்பட்டபோது, முன்னர்ப் பயனற்றவை என்று கழிக்கப்பட்ட தாள்கள் பொருளியல் வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றுகள் ஆயின. 1967 முதல் 1988 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த ‘ஒரு மத்தியதரைக் கடல் சமூகம்’ என்னும் அவரது நூல், கூலி, விலை, வாடகை, உணவு, உடை, கூட்டு வணிகம், திருமணம் என ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வை ஆவணம் ஆவணமாகக் கட்டியெழுப்பியது. அதன் இறுதித் தொகுதி, 1985இல் அவர் மறைந்தபின் வெளிவந்தது.

இந்திய வணிகம் பற்றிய ஆவணங்களைத் தனியே தொகுக்கவேண்டும் என்று கோய்ட்டைன் தொடங்கிய பணியை, அவருக்குப்பின் மொர்தகாய் ஃப்ரீட்மன் நிறைவுசெய்து 2008இல் வெளியிட்டார். அதில் முதன்மையாகத் தோன்றுபவர் ஆபிரகாம் பென் யீஜு என்னும் வணிகர். துனீசியாவின் மஹ்தியா நகரத்தவராகிய அவர் ஏடன் வழியே இந்தியாவின் மேற்குக் கடற்கரைக்கு வந்து, மங்களூரை இருப்பிடமாகக் கொண்டு, 1149 வரை ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் இப்பகுதியில் வணிகம் செய்தார். ஏடனில் வணிகர்களின் முகவராக விளங்கிய மத்மூன் இப்னு ஹசனும் பிறரும் அவருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து, இங்கிருந்து மிளகு, இரும்பு, பாக்கு, ஏலம் முதலியவை சென்றதும், அங்கிருந்து செம்பு வந்ததும், அச்செம்பைக் கொண்டு பென் யீஜுவின் பட்டறை கலங்கள் செய்து மீண்டும் ஏடனுக்கு அனுப்பியதும் தெரியவருகின்றன. சர்க்கரை, உலர்திராட்சை ஆகியவற்றோடு காகிதமும் அன்பளிப்பாக அவருக்கு அனுப்பப்பட்டது. ஓலையில் எழுதிய இப்பகுதியில் காகிதம் எளிதில் கிடைக்காமையால், தமக்கு வந்த கடிதங்களின் வெற்றிடங்களிலும் பின்புறத்திலும் அவர் கணக்கும் வரைவும் எழுதிக்கொண்டார். மேற்குக் கடற்கரையின் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கொடைகளையும் வணிகக் குழுக்களின் உரிமைகளையும் கூறுகின்றன. ஒரு சரக்கின் விலை, சுணங்கிய பணம், கப்பலில் நேர்ந்த இழப்பு ஆகியவற்றை வணிகரின் சொந்தச் சொற்களில் அறிய இக்கடிதங்களே துணையாகின்றன.

மருத்துவரும் தத்துவ அறிஞருமான மோசஸ் மைமோனிடீஸ் ஃபுஸ்தாத்தில் வாழ்ந்தவர் என்பதால், அவர் தம் கையால் எழுதிய வரைவுகளும் கெனிசாவில் கிடைத்தன. அவரைப் பேணிய தம்பி தாவீது, செங்கடல் துறைமுகமாகிய ஐதாபிலிருந்து, தான் இந்தியாவுக்குக் கப்பலேற முடிவுசெய்திருப்பதை எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் உள்ளது. இந்தியப் பெருங்கடலில் தாவீது மூழ்கி இறந்ததை மைமோனிடீசின் பிற்காலக் கடிதத்தால் அறிகிறோம்.

எபிரேயத் தாள்களைத் தேடியோர் கவனிக்காமல் விட்ட மற்றொரு செல்வம் அவற்றின் மறுபக்கத்தில் இருந்தது. ஃபாத்திமிய அரசின் ஆணைகள் வரிகளுக்கிடையே அகன்ற இடைவெளி விட்டு நீண்ட சுருள்களில் அரபு எழுத்தில் எழுதப்பட்டவை. பயன் முடிந்தபின் அவை துண்டாக்கப்பட்டு, அவ்விடைவெளிகளிலும் பின்புறத்திலும் எபிரேய நூல்கள் படியெடுக்கப்பட்டன. அவ்வரசின் ஆவணக் களரி இன்று இல்லை என்பதால், இத்துண்டுகளைக் கொண்டு மரீனா ருஸ்தோ என்னும் வரலாற்றாசிரியர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இடைக்கால இசுலாமிய அரசுகள் ஆவணங்களில் அக்கறை கொள்ளவில்லை என்னும் பழைய கருத்தைத் தகர்த்தது. ஒரே தாள், எந்தப் பக்கத்தை ஆய்வாளர் முதன்மையாகக் கொள்கிறார் என்பதைப் பொறுத்து, யூத வழிபாட்டு வரலாற்றுக்கும் அரசு நிர்வாக வரலாற்றுக்கும் உரியதாகிறது.

நூலகம் தன் பொறுப்பை முழுமையாக ஏற்றது 1974இல் ஸ்டீஃபன் ரைஃப் தலைமையில் கெனிசா ஆய்வுப் பிரிவை நிறுவியபோதுதான் எனலாம். அதுவரை வகைப்படுத்தப்படாமல் எஞ்சிய ஆயிரக்கணக்கான துணுக்குகள் ‘கூடுதல் வரிசை’யில் சேர்க்கப்பட்டன; மடிப்பு நீக்கித் தூய்மை செய்த தாள்கள், தொடாமலே இருபக்கமும் படிக்கத்தக்க ஒளிபுகும் நெகிழித் தாள்களுக்கிடையே வைக்கப்பட்டன; துறைதோறும் அட்டவணைகள் வெளிவந்தன. பின்னர் ஃப்ரீட்பெர்க் கெனிசாத் திட்டம், நூலகத்தின் சொந்த மின்னூலகம் ஆகியவற்றின் வழியே எண்ணிமப் படங்கள் பொதுப் பார்வைக்கு வந்தன. கையெழுத்து, வரியிடைவெளி, ஓர அளவு ஆகியவற்றைக் கணினி ஒப்பிட்டு, ஒரே ஏட்டின் பிரிந்த துண்டுகள் என்று கருதத்தக்கவற்றை அடையாளம் காட்டுகிறது.

அவ்வாறு இணைக்கவேண்டிய தேவை, கெனிசா கலைக்கப்பட்ட விதத்தின் விளைவே. பென் யீஜுவின் கடிதங்களில் பல கேம்பிரிட்ஜில் இருக்க, அவருடைய குழந்தைகளின் தாய் என்று ஆய்வாளர் கருதும் ஆஷு என்னும் அடிமைப் பெண்ணை அவர் 1132இல் மங்களூரில் விடுதலை செய்த ஆவணம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. ஷெக்டர் பெற்ற இசைவு உரியவர்கள் வழங்கியதே எனினும், எகிப்து பிரிட்டிஷ் படைகளின் பிடியில் இருந்த சூழலில் நிகழ்ந்தது அது என்பதும், கெய்ரோவின் ஆவணங்களை இன்று கெய்ரோவுக்கு வெளியே தேடவேண்டியுள்ளது என்பதும் மறுக்க முடியாதவை. 2013இல் கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும் சேர்ந்து 12 லட்சம் பவுண்டு திரட்டி, லூயிஸ், கிப்சன் சகோதரியர் சேர்த்த 1,700க்கு மேற்பட்ட துணுக்குகளை, அவை மீண்டும் சிதறிவிடாதபடி கூட்டாக வாங்கின; நூற்றாண்டுக்கு முன் போட்டியிட்டு வாங்கிய இரு நூலகங்களும் சிதறலின் கேட்டை உணர்ந்ததன் வெளிப்பாடு அது.

கெனிசாவின் வரலாறு சுவடித் தொகுப்புகளைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையை நிறுவுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தான் கேட்கத் தெரிந்த கேள்விகளுக்கு ஏற்பவே ஆவணங்களைத் தரம் பிரிக்கிறது. ஷெக்டரின் தரப்பிரிப்பு அவர் காலத்துப் புலமையின் அளவுக்குச் சரியானதே. அதன் குறையைப் பின்னர்த் திருத்த முடிந்ததற்குக் காரணம், கழித்தவற்றை அவரும் நூலகமும் அழித்துவிடாமல் பெட்டியிலேயே விட்டுவைத்தமை. ஆகவே, இடநெருக்கடியாலும் செலவாலும் எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்று முடிவுசெய்யும் எந்த நூலகமும், தன் அட்டவணையைத் தன் காலத்தின் தீர்ப்பு என்று மட்டுமே கொண்டு, அத்தீர்ப்பு மாறுவதற்கு இடம்தரும் அளவுக்கேனும் ஒதுக்கியவற்றையும் பேணுவது புலமைக்கு அது செய்யவேண்டிய கடமையாகிறது.