சம்பந்தர் என்னும் பெயர் தாங்கியோர்

திருக்கோயிலில் அருச்சனைக்கு நிற்கும் அடியவரைக் குருக்கள் வினவுவது யாது? பெயர் யாது, நட்சத்திரம் யாது என்பதேயாம். கோத்திரம் அறிந்தவர் அதனையும் உடன் கூறுவர். எல்லாம் அறியும் இறைவனுக்கு இவ்வடையாளங்கள் வேண்டுவதில்லை. ஆயினும் பெயர் ஒன்றனை மட்டும் சொல்லி அமைதல் போதாது என்று நம் முன்னோர் கருதினர். ஒரு பெயருடையார் பலர் உளர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தனர். திருவிழாக் கூட்டத்தில் "சம்பந்தம்!" என்று ஒருவர் குரல் கொடுத்தால், விழுப்புரத்து வணிகர் ஒருவரும், திண்டிவனத்து ஆசிரியர் ஒருவரும், தேர்வடம் பிடிக்க வந்த உழவர் ஒருவரும் ஒருங்கே திரும்பி நோக்குதல் கூடும். அழைத்தவர் நாடியது ஒருவரையே. பெயருக்கு உரியவரோ மூவர். இப்பெயர்ப் பொதுமையைப் பற்றியே ஈண்டுச் சிறிது சிந்திப்போம்.

பெயர் மயக்கத்தைத் தீர்க்கும் முறை இந்நாட்டிற்குப் புதிதன்று. இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கில், சங்ககாலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய ஊராய் விளங்கியது. சிறுபாணாற்றுப்படை கொண்ட வள்ளல் அவனே. அவ்வூர்ப் புலவர் மூவர் நம் தொகைநூல்களில் இடம் பெற்றுள்ளனர். கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் என்பார் அவர். காவிதி என்பது அரசன் வழங்கிய பட்டம். செல்லூர்க் கொற்றன் என வேறொரு புலவரும் இருந்தமையின், ஊரும் பட்டமும் சேர்த்துச் சொன்னாலன்றி இக்கொற்றன் யார், அக்கொற்றன் யார் என்பது விளங்காது. கூலவாணிகன், அறுவைவாணிகன், மருத்துவன் எனத் தொழிலால் பிரித்துச் சொல்லப்பட்ட புலவரும் உளர். பெயர் பெற்றோர் தந்தது; அடையாளமோ அவரவர் ஊரும் தொழிலும் தந்தது. இவ்வுண்மையைச் சங்கத்தார் அன்றே உணர்ந்திருந்தனர்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட திருப்பெயருக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் சீகாழிப் பதியில் சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் தோன்றிய பிள்ளையார், மூன்றாம் வயதில் உமையம்மை அளித்த ஞானப்பாலை உண்டு, அதனால் சிவஞானத்தோடு தொடர்புற்றுத் திருஞானசம்பந்தர் ஆயினார் என்பது சேக்கிழார் பெருமான் காட்டும் வரலாறு. ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பிள்ளையாருக்கு அருள் முன்னர் வாய்த்தது. பெயர் பின்னர் வந்தது. அவர் பெயரை இட்டு வழங்கும் ஏனையோர்க்கோ பெயர் தொட்டிலிலேயே வந்துவிடுகின்றது. அதற்குரிய செயலைப் பின்னர்த் தேடிக்கொள்ளும் கடன் அவரவர் தலைமேல் நிற்கின்றது. இவ்வேறுபாடே இவ்வுரையின் உட்கோள்.

அப்பிள்ளையார் திருவடி பட்டுப் பாடல் பெற்ற தலங்கள் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் பலவாகும். விழுப்புரத்திற்கு அணித்தாகிய திருவாமாத்தூரில் அவர் அருளிய பதிகங்கள் இரண்டு. அப்பரும் சுந்தரரும் அத்தலத்தைப் பாடியுள்ளமையின் அது மூவர் தமிழும் பெற்ற பதி. விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனையபுரமே புறவார் பனங்காட்டூர். கல்லாய் மாறிய மரங்கள் கிடக்கும் திருவக்கரையும், இரும்பை மாகாளமும், ஒழிந்தியாப்பட்டு என வழங்கும் அரசிலியும் அவர் பாடல் பெற்றவை. பெண்ணையாற்றங்கரையில் அறையணிநல்லூர்க் குன்றின்மேல் நின்று அவர் அண்ணாமலையைக் கண்டு தொழுதார் என்பர். அரகண்டநல்லூர் என இன்று வழங்கும் அவ்வூரார் அந்நிகழ்ச்சியை இன்றும் பெருமிதத்தோடு எடுத்துரைப்பர். இத்தகைய நாட்டில் சம்பந்தன் என்னும் பெயர் வீட்டுக்கு வீடு வழங்கியதில் வியப்பில்லை.

நாயன்மார் திருப்பெயர்களை மக்கட்கு இடும் வழக்கம் சோழர் காலத்திலேயே ஊன்றியிருந்தது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களையும், அவர்க்குத் துணையாக உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்தான். நாள் ஒன்றுக்கு ஒருவர்க்கு நெல் முக்குறுணி என்பது அவர் பெற்ற நிவந்தம். அக்கல்வெட்டில் திருநாவுக்கரையன் என்னும் பெயருடையார் ஒருவருக்கு மேற்பட்டோர் காணப்படுகின்றனர். தந்தை பெயரை முன்னும் தீக்கை பெயரைப் பின்னும் அமைத்து ஒருவரை மற்றவரினின்று பிரித்துக் காட்டினர். பெயர் பொதுவாயினும் நெல் அளக்கும்போது ஆள் மாறிவிடலாகாது அன்றோ?

நம் திருவாமாத்தூரிலும் சோழர் காலத்தில் திருப்பதியம் பாடக் கண்ணிலார் பதினறுவரும், அவர்க்கு வழிகாட்ட இருவரும் வைக்கப்பட்டமையைக் கல்வெட்டுக் கூறுகின்றது. அப்பதினறுவரின் பெயர்கள் மக்கள் நினைவில் இன்று இல்லை. அவர் பாடிய பதிகமோ இன்றும் சந்நிதியில் ஒலிக்கின்றது. பெயர் மறைந்த பின்னும் தொண்டு நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சைவ சித்தாந்த மரபிலும் இத்திருப்பெயரின் வழி நீண்டு செல்கின்றது. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தியபோது, குலகுருவாகிய சகலாகம பண்டிதர் திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்க, திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அதனைக் கொண்டு திருவெண்காட்டில் வழிபட்டுப் பெற்ற குழந்தை, திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தது. பரஞ்சோதி முனிவர் அக்குழந்தைக்கு ஞானம் உணர்த்தித் தம் குருவாகிய சத்தியஞான தரிசினியின் பெயரைத் தமிழாக்கி மெய்கண்டார் எனச் சூட்டினார் என்பது மரபு. குருவின் பெயரே மாணவர் பெயராயிற்று. மெய்கண்டாரின் மாணவர், முன்னர்க் குலகுருவாயிருந்த அப்பண்டிதரே; அவரே அருணந்தி சிவாசாரியர். அவர்க்குப் பின் வந்த மூன்றாம் சந்தானாசாரியர் மறைஞானசம்பந்தர். சம்பந்தரின் பதிகத்தால் தோன்றிய மரபு, மூன்றாம் தலைமுறையில் சம்பந்தர் என்னும் பெயருடையாரையே ஆசாரியராகக் கண்டது.

தில்லையில் பகற்பொழுதில் தீவட்டியோடு சிவிகையில் சென்ற உமாபதியாரைக் கண்டு, உலர்ந்த மரத்தின்மேல் பகலிலும் கண் தெரியாதார் ஒருவர் செல்கின்றார் என்னும் கருத்துப்பட இம்மறைஞானசம்பந்தர் உரைத்தார். அவ்வொரு சொல்லே உமாபதியாரைச் சிவிகையினின்று இறக்கியது. பின்னர் அவர் 1313-ஆம் ஆண்டில் சங்கற்ப நிராகரணம் இயற்றும் அளவிற்கு உயர்ந்ததை நாம் அறிவோம்.

ஆயின் ஈண்டு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. பதினாறாம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் மற்றொரு மறைஞானசம்பந்தர் வாழ்ந்தார். உலகப் பொருள்களைக் காணாது கண்ணைக் கட்டியிருந்தமையின் அவர் கண்கட்டி மறைஞானசம்பந்தர் எனப்பட்டார் என்பது வழக்கு. சைவசமயநெறி இயற்றியவர் இவரே. பெயர் ஒன்றாதலால் இவர் நூலைச் சந்தானாசாரியர் நூல் என மயங்கிக் கூறுவாரும் உளர். அங்ஙனம் கூறுதல் சந்தானாசாரியருக்குப் பெருமை சேர்ப்பது போலத் தோன்றும்; உண்மையில் நூல் இயற்றியவர் உழைப்பை மறைப்பதாகும். சந்தானாசாரியர் ஒரு மாணவரைச் சிவிகையினின்று இறக்கிய பெருமையால் நிற்பவர். மற்றவர் நூலால் நிற்பவர். இருவரையும் ஒருவராக்கினால் ஒருவரை இழக்கின்றோம். ஒத்த பெயரினரைப் பகுத்தறிதல் வெறும் ஆராய்ச்சி விளையாட்டன்று. நன்றி மறவாமை என்னும் அறத்தின் ஒரு பகுதி அது.

அதே நூற்றாண்டில், திருவில்லிபுத்தூரில் தோன்றித் திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசரிடம் உபதேசம் பெற்ற குருஞானசம்பந்தர் தருமபுரம் ஆதீனத்தை நிறுவினார். சிவபோகசாரமும் சொக்கநாத வெண்பாவும் அவர் அருளியவை. அவ்வாதீனத்துக் குருமூர்த்திகள் தம் திருப்பெயரோடு ஞானசம்பந்தர் என்பதனையும் தாங்கி வருகின்றனர். மதுரை ஆதீனத்தும் அவ்வழக்கம் உண்டு. அங்கே அப்பெயர் ஒருவர்க்கு உரியதாய் நில்லாது பீடத்திற்கே உரியதாயிற்று.

இத்திருப்பெயர் மடத்தின் வாயிலோடு நின்றுவிடவில்லை. பிற துறைகளிலும் அதனைத் தாங்கி நின்றவரை நோக்குவோம். பம்மல் சம்பந்த முதலியார் 1873-இல் பிறந்து 1964-இல் மறைந்தவர். வழக்கறிஞராயிருந்து சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாக உயர்ந்தவர். நாடகத் தொழிலைக் கற்றோர் இழிவாகக் கருதிய காலத்தில், 1891-இல் சுகுணவிலாச சபையைத் தோற்றுவித்துத் தாமே மேடை ஏறியவர். அவர் எழுதிய சபாபதி என்னும் நகைச்சுவை நாடகம் 1941-இல் திரைப்படமாயிற்று. அதில் எசமானர் பெயரும் சபாபதி. வேலையாள் பெயரும் சபாபதி! பொன்னம்பலத்தான் பெயரை இருவர்க்கும் ஒக்க இட்டு, பெயர் ஒன்றானால் நேரும் குழப்பத்தையே நகைப்பொருளாக்கினார் அவர். அவரே சிவாலயங்களைப் பற்றியும் நூல் எழுதினார் என்பது நம் அன்பர்கள் அறிந்து மகிழ்தற்குரியது.

அ.ச. ஞானசம்பந்தன் 1916-இல் பிறந்து 2002-இல் மறைந்த பேரறிஞர். பச்சையப்பன் கல்லூரியிலும் மதுரைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பயிற்றியவர், வானொலியிலும் பணியாற்றியவர். பெரியபுராணத்தை நுணுகி ஆராய்ந்த அவர், கம்பன்: புதிய பார்வை என்னும் நூலுக்காக 1985-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சைவப் பெயர் தாங்கிய அவர் இராமகாதையில் ஊறித் திளைத்ததனால் பெயருக்கு இழுக்கு நேர்ந்ததோ? இல்லை, அது மேலும் பொலிந்தது.

கடல் கடந்தும் இப்பெயர் சென்றது. பிள்ளையார் இராமேச்சுரத்திலிருந்தபடியே ஈழத்துத் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார். அத்திருகோணமலையைத் தம் தொகுதியாகக் கொண்டு விளங்கியவர் இராசவரோதயம் சம்பந்தன். 1933-இல் பிறந்த அவர் வழக்கறிஞராய்த் தொடங்கி, 1977-இல் நாடாளுமன்றம் புகுந்து, 2015 முதல் 2018 வரை இலங்கை நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்து, 2024-இல் மறைந்தார். அரசியலில் அவரோடு உடன்பட்டாரும் மாறுபட்டாரும் உளர். அதனை ஆராய்தல் நம் நோக்கமன்று. கோணேசர் கோயில் கொண்ட நகரில் பிள்ளையார் பெயருடையார் ஒருவர் மக்கள் குரலாய் நின்றார் என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

மடம், நூல், மேடை, கல்லூரி, மன்றம் எனத் துறைகள் வேறு, பெயர் ஒன்று. இவருள் எவரும் சீகாழிப் பிள்ளையாருக்கு இணையாகார். ஒத்த பெயரினாலேயே ஒருவர் பெருமை மற்றவர்க்கு வந்துவிடுவதில்லை. விளக்கு என்னும் சொல்லை எழுதி வைத்த அளவில் இருள் நீங்குமோ? ஆயினும் அப்பெயர் தம் செவியில் விழும்போதெல்லாம் ஒரு பெரியாரின் நினைவு உடன் எழுகின்றது. அந்நினைவு நாணத்தைத் தருமாயின் பிழையினின்று காக்கும். ஊக்கத்தைத் தருமாயின் தொண்டில் செலுத்தும். பெயரின் பயன் இதுவே.

ஆதலின் விழுப்புரத்தும் திண்டிவனத்தும் வாழும் அன்பர்கட்கு நாம் விண்ணப்பிப்பன இரண்டு. பிள்ளைகட்குச் சம்பந்தன் என்றும், நாவுக்கரசு என்றும், சுந்தரன் என்றும் பெயரிடுங்கால், அப்பெயருக்குரியவர் யாவர், அவர் நம்மூர்ப் பக்கத்து எத்தலத்தைப் பாடினார் என்பதனையும் உடன் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். ஒருமுறையேனும் திருவாமாத்தூர்ச் சந்நிதியிலோ அரகண்டநல்லூர்க் குன்றிலோ நிறுத்தி, உன் பெயருடையார் நின்று பாடிய இடம் இது என்று காட்டுதல் வேண்டும். இரண்டாவது, பெரியோரைப் போற்றுங்கால் ஒருவர் தொண்டை மற்றவர்மேல் ஏற்றாது, அவரவர்க்கு உரியதை அவரவர்க்கே அளித்தல் வேண்டும்.

அடுத்த முறை அருச்சனைக்கு நின்று பெயர் சொல்லும்போது, இப்பெயரை நமக்குமுன் தாங்கியவர் யாவர், நாம் அதனோடு சேர்த்தது யாது என்று ஒரு கணம் எண்ணுவோமாக. அவ்வெண்ணமே ஒரு வழிபாடு.

திருச்சிற்றம்பலம்.