கள்ளும் நஞ்சும்: கெடாத் தோட்டங்களில் ஒரு நீதிப் பணியின் கதை

தோட்டத் தமிழனைப் பற்றி ஊரார் வழக்கமாகச் சொல்லும் குறைகள் மூன்று. குடிக்கிறான் என்பது ஒன்று. பிள்ளைகளைப் படிக்க வைப்பதில்லை என்பது மற்றொன்று. மனம் உடைந்தால் மறுநாளைப் பற்றி எண்ணாமல் விஷத்தை எடுத்துவிடுகிறான் என்பது மூன்றாவது. படிப்பைப் பற்றி வேறொரு சமயம் பேசலாம். அதற்கு ஒரு கட்டுரை போதாது. மற்ற இரண்டையும் ஈண்டு ஒருசேர எடுத்துக்கொள்கிறோம். குடிப்பவனைப் பழித்தவர்கள் எத்தனையோ பேர். கள்ளுக்கடையை அங்கே கொண்டுவந்து வைத்தவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. விஷம் குடித்தவனைக் கோழை என்றவர்கள் ஊர் நிறைய உண்டு. அந்த விஷம் அவன் வீட்டு வாசலில் எப்படி வந்தது என்று கேட்டவர்கள் அதனினும் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் கெடாவில் பிறந்த கத்தோலிக்கப் பெண்மணி. அவருடைய கதையைச் சொல்வதற்குமுன் அவர் பிறந்த மண்ணின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த கெடாவுக்கும் கத்தோலிக்க மதத்திற்கும் உள்ள தொடர்பு ரப்பருக்கு மிகவும் முந்தியது. 1781ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக் குருமார் கோலக் கெடாவுக்கு வந்து அங்கிருந்த சிறு கூட்டத்துக்கு ஞானக் காரியங்களை நடத்தினர். 1786இல் பினாங்கில் பிரிட்டிஷ் கொடி ஏறியதும் அவர்கள் அத்தீவுக்குச் சென்றனர். 1852இல் கன்னியர் மடமும் லசால் சகோதரர்களின் பள்ளியும் பினாங்கில் எழுந்தன. அநாதைகள் ஆதரவு பெற்றார்கள்; ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றார்கள். இதை மறைப்பது நன்றி கொன்ற செயல். ஆயினும் தர்மம் ஒன்று, நீதி ஒன்று. பசித்தவனுக்குச் சோறிடுவது தர்மம். அவன் ஏன் பசித்தான் என்று கேட்பது நீதி. முதலாவதற்குக் கைதட்டுகிறவர்கள் இரண்டாவது வந்தால் முகம் சுளிப்பது எல்லா மதங்களிலும் உள்ள வழக்கந்தான்.

1909இல் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டனுக்கு மாறியது. கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் காடுகள் அழிந்து ரப்பர் மரங்கள் நிரை நிரையாக எழுந்தன. மாதா கோயில் பட்டணத்தில் நின்றது. பால்வெட்டு மரம் தோட்டத்தில் நின்றது. பெரும்பாலான தோட்டத்து மக்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிட்டவர்கள். கோயில் மணி அவர்கள் காதில் விழவில்லை. தப்புமணி மட்டும் விடியுமுன் தவறாமல் விழுந்தது.

தோட்டத்தில் வேறு எது இல்லாவிடினும் கள்ளுக்கடை இருந்தது. அது திருட்டுக் கடையன்று. சர்க்கார் அனுமதியோடு நடந்த கடை. மலாயாவில் பல தோட்டங்களில் அதன் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுவதாகக் கணக்கு எழுதினார்கள். வெறுங்கையோடு வீடு திரும்பும் ஒருவனிடம், நீ குடித்த காசில் உனக்குத்தான் பந்து விளையாட்டு மைதானம் போட்டிருக்கிறோம் என்று சொல்வதைப்போன்ற வேடிக்கை வேறு உண்டோ? இந்தியாவிலிருந்து ஆள் வருவது 1938இல் இந்திய சர்க்காரின் தடையால் நின்றது. பிறகு யுத்தம் வந்தது. சயாம் மரண ரயில்பாதைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களின் உடற்புண் ஆறியது. மனப்புண்ணுக்கு மருந்து இருந்ததாக எவரும் சொல்லவில்லை. இருந்தது கள் ஒன்றே.

அந்நிலையில்தான் 1945, 46ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமி அதன் தலைவர்களுள் முதல்வர். இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைக் கண்ட இளைஞர்கள் தோட்டத்திலும் அணிவகுத்தார்கள். குடியைக் கண்டித்தார்கள். குடித்தவனை அடித்தும் திருத்தினார்கள். அடித்ததை நாம் மெச்சவில்லை. ஆனால் அவர்கள் குடிப்பவனோடு நின்றுவிடவில்லை. கடை வாசலுக்கே போய் மறியல் செய்தார்கள். அங்கேதான் சர்க்காருக்கும் துரைமாருக்கும் கோபம் பிறந்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீசாரோடு மோதல் மூண்டது. மார்ச்சில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் பலர் கைதாயினர். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். குடியாதே என்று சொன்னதற்குத் துப்பாக்கி வந்த விந்தையை நம் பேரப்பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கொந்தளிப்புக்குப் பத்து மாதம் முன்பு, 1946 ஏப்ரல் 18ஆம் நாள், அருகிலுள்ள சுங்கை பட்டாணியில் ஐரீன் பெர்னாண்டஸ் பிறந்தார். மலையாள நாட்டிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர். தோட்டத்தில் மேற்பார்வையாளர் வீட்டுக்கும் லயத்துக்கும் நடுவே இருந்த தூரத்தை நம் வாசகர்களுக்கு நாம் அளந்து காட்ட வேண்டியதில்லை. அடிக்கணக்கில் அது சிறிது. மற்றபடி கடல்.

அக்கடலை அவர் கடந்தது எப்படி? இங்கே சற்று ஐரோப்பாவுக்குப் போய்வர வேண்டும். 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளரைப் பற்றி ஒரு சுற்றுமடல் விடுத்தார். உழைப்பவனும் குடும்பமும் மானத்தோடு வாழக் கூலி போதவேண்டும், தொழிலாளர் சங்கம் சேர்வது அவர்கள் உரிமை என்பன அதன் சாரம். மொழி நல்ல மொழிதான். பங்குக் கோயிலில் அது பிரசங்கமாகி, பிரசங்கம் முடிந்ததும் மறைந்தது. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குருவானவர் அதைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கினார். அவர் குருமடம் சென்ற காலத்தில் அவருடைய பள்ளித் தோழர்கள் ஆலைக்குச் சென்றார்கள். விடுமுறையில் அவர் திரும்பியபோது தோழர்கள் அவரைப் பகைவனைப்போல் நோக்கினார்களாம். அந்த நோக்கு அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1925இல் அவருடைய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருப்பெற்றது. அதன் முறை மூன்றே சொற்கள்: காண், சீர்தூக்கு, செய். போதனை முதலில் வரவில்லை. காண்பதே முதலில் வந்தது. 1961இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் தம் சுற்றுமடலிலேயே இம்முறையை ஏற்றுக்கொண்டார்.

ஐரீன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இருபத்து மூன்றாம் வயதில் அவ்வேலையை விட்டு இவ்வியக்கத்திற்கு முழுநேர ஊழியராகப் போனார். ஆசிரியர் உத்தியோகம் கிடைப்பதே பெரும்பேறு என்று நம் குடும்பங்கள் எண்ணிய காலம் அது. ஆலைத் தொழிலாளர்களை அவர் சங்கத்தில் சேர்த்தார். பின்னர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் பணியாற்றினார். 1991இல் தெனாகானித்தா என்ற அமைப்பைத் தோழியரோடு நிறுவினார். பூச்சிமருந்துகளுக்கு எதிராக ஆசிய பசிபிக் நாடுகளில் உழைத்த கூட்டமைப்புக்கும் தலைவரானார். அங்கேதான் அவர் வாழ்வு மீண்டும் தோட்டத்து மண்ணை வந்து தொட்டது.

தோட்டம் அதற்குள் மாறியிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கள்ளுக்கடையின் ஆட்சி தளர்ந்தது. ஆனால் 1960களில் வேறொரு பொருள் வந்து சேர்ந்தது: பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. மருந்து என்றே நம்மவர் அதை அழைத்தார்கள். நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்த பிறகு அஞ்சுவார் யார்? மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு வந்தது. தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடப்பார்கள். முதுகில் ஒழுகும், காற்று திரும்பினால் முகத்தில் படியும். முகமூடி கொடுத்தோம் என்று நிர்வாகம் சொல்லும். கொதிக்கும் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அரை நாள் நடக்க இயலாது என்பதை அது சொல்லாது. நகம் கறுத்து விழுந்தவர்களும், மூக்கில் இரத்தம் வடிந்தவர்களும், தோல் வெந்தவர்களும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் களிம்போடு திரும்பினார்கள். நம் தாய்மார் பலர் அந்தக் கைகளால்தான் மாலையில் சோறு பிசைந்து கொடுத்தார்கள்.

2002இல் தெனாகானித்தாவும் அக்கூட்டமைப்பும் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து நூலாக வெளியிட்டன. அதன் தனிச்சிறப்பு யாதெனில், நோயைச் சொன்னவர்கள் நோயுற்ற பெண்களே. ஊர் ஊராகச் சென்று அமர்ந்து அவர்கள் வாயால் கேட்டு எழுதினார்கள். கார்டைன் சொன்ன காண்பது இதுவே.

இனி மூன்றாவது குறைக்கு வருகிறோம். தோட்டத்தில் மனத்தளர்ச்சியைப் பேய் என்றார்கள், செய்வினை என்றார்கள், பொம்பளைச் சண்டை என்றும் சிரித்தார்கள். கடன், குடி, வேலை போகும் பயம், தோட்டம் விற்கப்பட்டால் வீடும் போகும் என்ற திகில் ஆகியவை யாவும் சேர்ந்து ஒரு மனத்தை நசுக்கும்போது, எதிரே கொட்டகையில் பூட்டில்லாமல் நஞ்சு நின்றது. அறிஞர் ஆராய்ந்து கண்ட உண்மை ஒன்றுண்டு: உயிரை மாய்க்கும் வேகம் பலரிடம் சில நாழிகையே நிற்கும். அந்த வேகத்தில் கைக்கு எட்டுவது எது என்பதே அவர் பிழைப்பாரா என்பதைத் தீர்மானிக்கும். பாராகுவாட்டுக்கோ மாற்று மருந்தே இல்லை. மறுநாள் பிழைக்க விரும்பியவர்களையும் அது விடவில்லை.

இதை வெறும் ஊகமாக நாம் சொல்லவில்லை. இலங்கையைப் பாருங்கள். 1995இல் அங்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் ஓராண்டில் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அது ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தது. 2008 முதல் 2011க்குள் பாராகுவாட்டையும் படிப்படியாக நீக்கியது. சுமார் இருபதாண்டுகளில் அந்த அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மக்களின் துயரம் இருபதாண்டில் தீர்ந்துவிட்டதோ? யுத்தமே அங்கு 2009 வரை நடந்தது. மக்களின் குணமும் மாறவில்லை. மாறியது கொட்டகையில் இருந்த பொருள்.

நம் நாட்டில் சட்டம் வேறு பக்கம் பார்த்தது. உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கித் தண்டச் சட்டத்தின் 309ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்க இடம் தந்தது. ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தின் வாரிசு அது. இலங்கை 1998இல் அதை நீக்கியது. மலேசியா 2023இல்தான் நீக்கிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கும் இங்கே முற்றிலும் தூயதன்று. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தன்னுயிரை மாய்த்துக்கொண்டவனுக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அம்மறுப்பு இல்லை. இறந்தவனைக் கல்லறைச் சுவருக்கு வெளியே வைத்து, அவன் தாயைச் சுவருக்கு உள்ளே அழ வைத்த பாவம் ஒரு காலத்தில் மதத்தையும் சாரும். மனநோயும் ஒரு நோயே என்று பங்குக் குருமார் இன்று சொல்வதைக் கேட்கும்போது, தாமதம் ஆயினும் மகிழ்கிறோம்.

பாராகுவாட்டின் கதை இன்னும் முடியவில்லை. 2002 ஆகஸ்டில் மலேசிய அரசு அதைத் தடுக்கத் தீர்மானித்தது. தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் மலிவான மாற்று இல்லை என்று முறையிட்டார்கள். 2006இல் அரசு பின்வாங்கி மீண்டும் அனுமதித்தது. மலிவு எவருக்கு என்ற கேள்வியை மருந்தடித்த பெண்கள் கேட்டிருக்கலாம். அவர்களை எவரும் அழைக்கவில்லை. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் விடுத்த சுற்றுமடல், மண்ணின் ஓலமும் ஏழையின் ஓலமும் வேறல்ல என்னும் கருத்தை உலகெங்கும் எடுத்துச் சென்றது. படித்தவர்கள் அதைப் புதுக் கருத்து என்றார்கள். களையைக் கொன்ற நஞ்சு கையையும் கொன்றதைக் கண்ட நம் பெண்களுக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை. 2020 ஜனவரி முதல் நாள் தடை முடிவாக நடைமுறைக்கு வந்தது.

ஐரீன் அந்நாளைக் காணவில்லை. அவர் வாழ்வின் பெரும்பகுதியை நீதிமன்றம் விழுங்கிற்று. 1995இல் அந்நிய நாட்டுத் தொழிலாளர்கள் தடுப்பு முகாம்களில் படும் கொடுமையை அவர் எழுதி வெளியிட்டார். அடியும் பட்டினியும் பெரிபெரி நோயும் அதில் இருந்தன. ஒருகாலத்தில் தீட்டிய அரிசியைத் தின்று பெரிபெரியால் மலாயாவில் மாண்டவர்களுள் பெரும்பாலோர் சுரங்கத்துச் சீனர் என்பதை நம் முதியோர் அறிவர். பொய்ச் செய்தி பரப்பினார் என்று 1996இல் அவரைக் கைது செய்தனர். ஏழாண்டு வழக்கு, 2003இல் ஓராண்டுச் சிறைத் தீர்ப்பு, ஜாமீனில் வெளியே நின்று மேல்முறையீடு. இதற்கிடையே 2005இல் ஸ்வீடனில் வழங்கப்படும் நல்வாழ்வுரிமை விருது அவருக்குக் கிடைத்தது. 2008 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2014 மார்ச் 31இல் காலமானார்.

அந்நியருக்காக ஏன் சிறைவரை போனார், நம்மவர் துன்பம் போதாதா என்று நம்மிற் சிலர் அந்நாளில் கேட்டதுண்டு. இன்று கெடாவின் தெற்கே எத்தனையோ பழைய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. எஞ்சிய செம்பனைக் காடுகளில் வேறு பெயருள்ள மருந்தைத் தொட்டியில் ஊற்றி முதுகில் கட்டிக்கொண்டு நடப்பவர் பலர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளியர். நம் பாட்டிமார் நடந்த அதே நிரைகளில்தான் நடக்கிறார்கள்.