எட்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண்

1969இல் அமெரிக்காவின் பவல் லாட்டன், எலைன் பிராடி ஆகிய இருவரும் முதியோருக்கான ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வயதானவர் பிறர் துணையில்லாமல் வீட்டில் வாழ முடியுமா என்று அறிய எட்டு விஷயங்கள்: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம். பெண்ணுக்கு எட்டையும் பார்த்தார்கள். ஆணுக்கு ஐந்துதான். சமையல், வீட்டு வேலை, துவைப்பது மூன்றும் அவர் கணக்கில் கிடையாது.

ஒருநாளும் செய்யாத வேலையை இனிமேல் செய்ய முடியவில்லை என்று எப்படிக் குறிப்பது? அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். தட்டில் சோறு போட்டுக்கொள்ளத் தெரியாத எழுபத்தைந்து வயதுக்காரர் ஐந்துக்கு ஐந்து வாங்கித் 'தனித்து இயங்குபவர்' ஆகிவிடுகிறார். அவர் யாருடைய கையால் இயங்குகிறார் என்பது தாளில் வராது. பின்னாளில் பலர் இந்த ஆண் பெண் பிரிவைக் கைவிட்டார்கள். நம் வீடுகள் இன்னும் கைவிடவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது 1964இல். அதையும் ஆவடியின் ராணுவத் தொழிற்சாலைகளையும் நம்பிக் குடும்பங்கள் வந்தன. தொழிற்சாலைக்குப் போன ஆணுக்கு ஓய்வு வயது இருந்தது, வழியனுப்பு விழாவும் நடந்தது. அன்று அவரோடு மருமகளாக வந்தவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அடுப்பிலிருந்து அவர்களை யாரும் ஓய்வு பெறச் சொல்லவில்லை. சமைத்துக்கொண்டிருக்கும்வரை 'பாட்டி திடமா இருக்காங்க' என்கிறோம். ஒருநாள் குளியலறையில் விழுந்த பிறகுதான் மருத்துவமனை.

விழுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டு. 2001இல் லிண்டா ஃப்ரீட் குழுவினர் முதுமைத் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்கள் சொன்னார்கள்: தானாக எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசல். ரவிக்கை தொளதொளப்பது, ஈரப்புடவையைப் பிழிய வராதது, மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்திவிடுவது என்று நம் வீட்டிலேயே இவை கண்ணில் படும். அசதியை அவர்களே சொல்லவும் செய்கிறார்கள். "முடியலைம்மா." அதைப் புலம்பல் என்று நாம்தான் தள்ளிவிட்டோம். ஆரம்பத்தில் கண்டால் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியாலும் புரத உணவாலும் ஓரளவு மீட்க முடியும். ஆனால் முட்டையும் மீனும் எல்லோருக்கும் பரிமாறிய பிறகு மிச்சம் இருந்தால் சாப்பிடுகிற தலைமுறை அது.

இத்தனைக்கும் முதியோர் மருத்துவத்தில் நாட்டுக்கே முன்னோடி நம் சென்னை. மருத்துவர் வி. எஸ். நடராஜனின் முயற்சியால் 1978இலேயே அரசுப் பொது மருத்துவமனையில் தனிப் பிரிவு வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்ட மேற்படிப்பும் தொடங்கியது. ஆனால் ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலேறத் தெம்பிருப்பவர்தான் அங்கே போக முடியும்.

எதிர்த்திசையில் வந்தது 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. சுயஉதவிக் குழுப் பெண்கள் வாசலுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். நின்றால் தலைசுற்றுகிறதா, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்றும் அவர்களே பார்க்கலாம். 1991இல் வந்த ஒரு சோதனைக்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும்: எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது?

ஆனால் அந்த வேலையையும் ஊக்கத்தொகைக்கு உழைக்கும் பெண்ணின் தலையில் சும்மா ஏற்றிவிடக் கூடாது. அந்த அளவுகோலைத் தந்த எலைன் பிராடியே 1981இல், முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் வேலைக்கும் நடுவில் சிக்கிய பெண்களைப் பற்றி எழுதினார். மாத்திரைப் பையோடு படியேறி வரும் பெண்ணுக்கும் வீட்டில் ஒரு மாமியார் இருக்கலாம். அவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது யார், அதற்கு எந்தத் தொகை?