விடியற்காலைக் காட்சிக்கு வந்தவர்கள்

அக்கா லாஸ் வேகஸுக்குக் குடிபோய் ஆறு வருடமாகிறது. இந்த ஜூன் விடுமுறைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் வருவதாக முடிவானதும் அவள் முதலில் சொன்னது இதுதான்: "வேகஸ்ல ரெண்டு நாளுக்கு மேல இருந்தா அம்மாவுக்குத் தலைவலி வந்துரும். காடிய எடுத்துக்கிட்டு பாலைவனம் பக்கம் ஒரு ரெண்டு ராத்திரி போயிட்டு வந்துரலாம்."

அவள் போட்ட திட்டம் எளிமையானது. 15ஆம் எண் நெடுஞ்சாலையில் வடகிழக்காக இரண்டு மணி நேரம். வழியில் 'நெருப்புப் பள்ளத்தாக்கு' என்கிற சிவந்த பாறைப் பூங்கா. பிறகு அரிசோனாவின் மூலையை வெட்டிக்கொண்டு போகும் வெர்ஜின் ஆற்றுப் பள்ளம். அதைத் தாண்டினால் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் நகரம். அதற்குப் பக்கத்தில் ஐவின்ஸ் என்ற சிறு ஊரில், செங்குத்தான சிவப்புப் பாறைகளையே பின்திரையாக வைத்துக் கட்டிய டுவாகான் திறந்தவெளி அரங்கம். 1995இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 2000 பேர் உட்காரலாம். கோடையில் வெயில் இறங்கிய பிறகுதான் நாடகம் தொடங்கும். யூட்டாவின் கடிகாரம் நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பிவிட வேண்டும் என்று அக்கா மூன்று தடவை எழுதியிருந்தாள். மறுநாள் காலை ஸ்னோ கேன்யன். பெயரில்தான் பனி இருக்கிறது. அது ஸ்னோ என்ற குடும்பப் பெயர் கொண்ட மோர்மன் தலைவர்களின் நினைவாக வைத்தது.

குடும்ப வாட்சாப் குழுவில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அங்க போயி என்னத்த பாக்குறது? வெறும் பொட்டல்தானே?"

அம்மாவுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க அந்த 'வெறும் பொட்டல்' என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு முன்பே அந்த நிலத்தை அப்படிப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 1950 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ட்ரூமன், லாஸ் வேகஸுக்கு வடமேற்கே சுமார் 105 கிலோமீட்டர் தள்ளியிருந்த பாலைநிலத்தை அணுகுண்டுச் சோதனைக்கு ஒதுக்க ஒப்புதல் தந்தார். பசிபிக் தீவுகளுக்குக் கப்பலில் போய்ச் சோதிப்பது செலவு, தாமதம். இங்கே நிலம் அரசாங்கத்துடையது, ஆட்கள் குறைவு, மழையும் குறைவு. 1951 ஜனவரி 27ஆம் தேதி விமானத்திலிருந்து முதல் குண்டு போடப்பட்டது. அதிலிருந்து 1962 வரை தரைக்கு மேலே மட்டும் 100 வெடிப்புகள். 1992 வரை பூமிக்கடியில் 800க்கும் மேல்.

என்னை நிறுத்தி வைத்தது இந்த எண்ணிக்கை அல்ல. 1957 ஜூன் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பயணப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அந்தக் கோடையில் குண்டு வெடிப்பதைப் பார்க்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டி. எப்போது வெடிக்கும், எந்த இடத்தில் நின்று பார்க்கலாம், படம் எடுப்பது எப்படி. பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்ற உறுதியும் அதில் உண்டு. நான் கைப்பேசியில் எழுதி வைத்திருந்த குறிப்பும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் இருந்தது: எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும், அம்மாவுக்கு நடக்க முடியுமா. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வருடங்களுக்கு முன்பு யாரோ ஒரு அப்பா அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் காரில் ஏற்றியிருப்பார்.

அவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. அந்த ஊரே அதைத் திருவிழாவாக நடத்தியது. லாஸ் வேகஸின் வணிகர் சங்கம் வெடிப்பு நேரங்களைப் போட்டு நாட்காட்டி வெளியிட்டது. ஹோட்டல் மொட்டைமாடிகளில் விடிய விடியக் குடியும் பாட்டும் நடந்தன. சார்ல்ஸ்டன் மலைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு குடும்பங்கள் ஏறின. சோதனைத் தளத்துக்குள்ளேயே செய்தியாளர்களுக்கு ஒரு குன்றின் மேல் மரப் பலகைகளால் இருக்கை வரிசைகள் போட்டுக் கொடுத்தார்கள். 1952 ஏப்ரலில் நடந்த ஒரு வெடிப்பு அங்கிருந்து தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. அந்தப் பலகைகளில் சில பல காலம் கழித்தும் அங்கேயே கிடந்தன. படத்தில் பார்த்தேன். எதிரே மேடை இல்லாத, வெளுத்துப்போன பார்வையாளர் வரிசை.

மேடைப் பொருட்களும் இருந்தன. 1953 மார்ச்சிலும் 1955 மேயிலும் பாலைவனத்தில் முழு வீடுகளைக் கட்டி, உள்ளே துணிக்கடைப் பொம்மைகளை வைத்தார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள். வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது மாதிரி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருப்பது மாதிரி. நல்ல துணிமணி உடுத்தி. வெடிப்புக்கு முன்னும் பின்னும் படம் பிடித்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். குண்டு விழுந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்வதற்காக.

உண்மையான குடும்பங்களுக்கு என்ன ஆகும் என்பது கிழக்கே, நாங்கள் அறை எடுத்திருக்கும் செயின்ட் ஜார்ஜில், வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது.

செயின்ட் ஜார்ஜ் 1861இல் உருவான ஊர். மோர்மன் சபையின் தலைவர் பிரிகம் யங், பருத்தி விளைவிப்பதற்காக 309 குடும்பங்களை அங்கே அனுப்பினார். வெயிலும் வெள்ளமும் போட்டு வாட்டிய அந்த மண்ணில் சொன்ன வாக்குக்காகத் தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் 1950களில் அங்கே இருந்த சுமார் 5000 பேரில் பெரும்பாலோர். புகை இல்லை, குடி இல்லை, காப்பிகூட இல்லை. வீட்டுக்கு ஒரு பசு, கொல்லையில் காய்கறி. சபையையும் தேசத்தையும் ஒன்றுபோல நம்பியவர்கள்.

குண்டை வெடிப்பதற்கு முன்பு காற்றின் திசையைப் பார்ப்பார்கள். லாஸ் வேகஸ் பக்கமோ லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமோ வீசாத நாளுக்காகக் காத்திருப்பார்கள். அப்படியென்றால் காற்று எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊர்க்காரர்களின் பிற்கால வாக்குமூலங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. விடியுமுன் அப்பா பிள்ளைகளை எழுப்புவார். போர்வையோடு தூக்கிக்கொண்டு மேட்டுக்கோ மொட்டைமாடிக்கோ போவார்கள். மேற்கே வானம் ஒரு கணம் பகலாகும். கொஞ்ச நேரம் கழித்து இடி மாதிரி சத்தம் வரும். பிறகு இளஞ்சிவப்பு மேகம் மெதுவாக மேலே நகரும். வகுப்பிலிருந்து வெளியே கூட்டிப்போய் ஆசிரியர்கள் காட்டியதும் உண்டு. இலைகள் மேலும் கார்கள் மேலும் படிந்த சாம்பலில் பிள்ளைகள் பெயர் எழுதி விளையாடியிருக்கிறார்கள்.

1953 மே 19. 'ஹாரி' என்று பெயரிட்ட குண்டு, 300 அடி உயரக் கோபுரத்தின் மேல் வைத்து அதிகாலையில் வெடிக்கப்பட்டது. 32 கிலோ டன்; ஹிரோஷிமாவில் போட்டதைப் போல இரண்டு மடங்கு. கோபுரத்தின் இரும்பும் கீழிருந்த மண்ணும் ஆவியாகி மேகத்தில் கலந்தன. காற்று கணக்குப்படி நடந்துகொள்ளவில்லை. சில மணி நேரத்தில் மேகம் செயின்ட் ஜார்ஜுக்கு மேலே வந்தது. வானொலியில், நண்பகல்வரை வீட்டுக்குள் இருங்கள் என்றார்கள். நெடுஞ்சாலையில் கார்களை நிறுத்திக் கழுவினார்கள். ஆனால் அந்த நேரத்தில் வயலில் இருந்தவனுக்கும், பள்ளித் திடலில் இருந்த பிள்ளைக்கும் வானொலி எட்டவில்லை. பசுக்களுக்கும் எட்டவில்லை. பசு முக்கியம். காற்றில் வந்த அயோடின்-131 புல்லில் படியும், பசு புல்லைத் தின்னும், பாலில் இறங்கும், பாலைக் குடிக்கிற பிள்ளையின் கழுத்துச் சுரப்பியில் போய்ச் சேரும். எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். சில வாரங்களுக்குப் பாலைக் குடிக்காதீர்கள் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அதே வசந்தத்தில் சீடர் சிட்டி பக்கத்து இடையர்களின் ஆடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. தீவனம் சரியில்லை, குளிர் என்றது அரசாங்கம். இடையர்கள் வழக்குப் போட்டு 1956இல் தோற்றார்கள். 1982இல் அதே நீதிபதி, அரசாங்கம் அன்று தன் நீதிமன்றத்தை ஏமாற்றியது என்று சொல்லித் தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

மனிதர்களின் வழக்கும் அதே வழியில்தான் போனது. 1979இல் ஏறக்குறைய 1200 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். மாதிரிக்கு எடுத்துக்கொண்ட 24 பேரில் 10 பேரின் நோய்க்கு அரசின் அலட்சியமே காரணம் என்று நீதிபதி ப்ரூஸ் ஜென்கின்ஸ் 1984இல் தீர்ப்பளித்தார். 1987இல் அது கவிழ்ந்தது. சோதனை நடத்துவது அரசின் கொள்கை முடிவு, அதற்காக அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்றார்கள். ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் மேராவின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. அருமண் ஆலையின் கதிரியக்கக் கழிவுக்கு எதிராக 1992இல் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்த ஊர்மக்கள், அடுத்த ஆண்டே மேல்நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

செயின்ட் ஜார்ஜ் கதையில் எல்லோரும் சொல்வது 'தி கான்கரர்' படத்தைப் பற்றி. ஜான் வெய்ன் செங்கிஸ் கானாக நடித்த, 1956இல் வந்த மோசமான படம். 'ஹாரி' வெடித்த மறுவருடம் ஸ்னோ கேன்யன் பக்கத்தில் படம்பிடித்தார்கள். மங்கோலியப் படையாக அங்குள்ள பாயூட் பழங்குடியினர் நடித்தார்கள். காட்சி ஒத்துப்போக வேண்டும் என்று டன் கணக்கில் அந்த மண்ணை ஹாலிவுட்டுக்கே லாரியில் கொண்டுபோனார்கள். 1980இல் கணக்கெடுத்தபோது, படக்குழுவின் 220 பேரில் 91 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. கேட்கத் திகிலாக இருக்கும். ஆனால் அந்தத் தலைமுறையில் சாதாரணமாகவே ஏறக்குறைய அந்த விகிதத்துக்கு நோய் வரும். ஜான் வெய்ன் ஓயாமல் புகைத்தவர். இந்த எண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்கக்கூடிய இடம் வேறு. புகையும் குடியும் இல்லாத அந்தச் சபைக் குடும்பங்களின் பிள்ளைகள். 1979இல் ஜோசப் லயன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, தெற்கு யூட்டாவில் அந்த வருடங்களில் பிள்ளைகளுக்கு வந்த ரத்தப் புற்றுநோய்ச் சாவுகள் கூடியிருந்ததைக் காட்டியது. நட்சத்திரங்களின் சாவை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. படத்தில் பின்னால் குதிரையில் நின்ற பாயூட்களின் சாவை அந்த 220 பேர் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை.

'வெறும் பொட்டல்' என்ற சொல்லின் வேலை இதுதான் என்று தோன்றுகிறது. சோதனைத் தளம் மேற்கு ஷோஷோனி மக்களின் நிலம். 1863இல் ரூபி வேலி ஒப்பந்தத்தில் அவர்கள் வெள்ளையர்களுக்குக் கொடுத்தது கடந்துபோகும் உரிமையைத்தான், நிலத்தை அல்ல. நாங்கள் போகப்போகும் ஐவின்ஸை ஒட்டியே ஷிவ்விட்ஸ் பாயூட்களின் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. முதலில் அவர்களைக் கணக்கில் எடுக்காமல் அந்த நிலத்தைக் காலி என்றார்கள். தொண்ணூறு வருடம் கழித்து, அங்கே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளையும் அந்தக் காலிக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

1990இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது. காற்றடித்த பக்கம் வாழ்ந்து, குறிப்பிட்ட புற்றுநோய்கள் வந்தவர்களுக்கு 50,000 டாலர். 2024இல் அந்தச் சட்டம் காலாவதியாகி, 2025 ஜூலையில் 100,000 டாலராகத் திரும்ப வந்திருக்கிறது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.

இதையெல்லாம் ஒருநாள் இரவு அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தாள். "நீ லீவுக்கு வர்றியா, ஆராய்ச்சிக்கு வர்றியா?" என்றாள். பிறகு, "இப்ப அங்க போறது சேஃப்தானே?" என்றாள். இப்போது பயமில்லை. அந்த அயோடின் எப்போதோ அழிந்துவிட்டது. ஊரில் இன்று ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். பயப்பட வேண்டிய காலத்தில்தான் பயப்படாதீர்கள் என்று சொல்லப்பட்டது.

திட்டத்தை நாங்கள் மாற்றவில்லை. நாடகத்துக்கு ஆறு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பாட்டும் நடனமும் உள்ள குடும்ப நாடகம், என் மகள் இப்போதே நாள் எண்ணுகிறாள். மேரி டிக்சன் என்பவர் இந்தக் கதையை 'எக்ஸ்போஸ்ட்' என்ற நாடகமாகவே எழுதி, 2007இல் சால்ட் லேக் சிட்டியில் அரங்கேற்றியிருக்கிறார் என்று தெரியும். நாங்கள் பார்க்கப்போவது அது இல்லை. பரவாயில்லை. பிள்ளைக்குப் பாட்டு வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்த்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் வேகஸில் இருக்கும் அணுச் சோதனை அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேரம். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். குண்டு, கிலோ டன், நீதிமன்றம் எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பால் கதை மட்டும் விழுந்தது.

"வீட்டுப் பசுப் பாலுனு நம்பித்தானே குடுத்திருப்பா அந்தப் பிள்ளைங்களோட அம்மா," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த ஊர்ல எதாச்சும் பழைய கல்லறை இருக்குமா? இருந்தா ஒரு பூ வச்சிட்டு வருவோம்" என்றார்.

இரண்டாம் நாள் காலை, ஸ்னோ கேன்யனுக்கு முன்னால், 'செயின்ட் ஜார்ஜ் கல்லறை, பூ வாங்கணும்' என்று குறிப்பில் எழுதி வைத்தேன்.