அணைக்கு அளவுகோல் உண்டு, வீட்டுக்கு?

தேனி மாவட்டத்தில், பெரியகுளத்தை அடுத்துள்ள வடுகபட்டியின் பூண்டுச் சந்தைக்கு வருகிற ஓர் உழவரிடம், "வைகை அணையில் நீர்மட்டம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். அடிக்கணக்கில் விடை சொல்வார். அந்த அணையின் நீரைக் குடிக்கும் மதுரை நகரவாசி ஒருவரிடம், "நேற்று உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் செலவாயிற்று?" என்று கேளுங்கள். அவர் விழிப்பார். நீங்களும் நானும்கூட அப்படித்தான். ஏன் இந்த வேறுபாடு?

1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். இவ்வாறு ஒரு செயலின் விளைவு அளக்கப்பட்டு, அந்தச் செய்தி செயலுக்கே திரும்பி வந்து அதைத் திருத்துவதைப் 'பின்னூட்டம்' என்கிறோம்.

பின்னூட்டக் கருவியின் வரலாறே தண்ணீரில்தான் தொடங்குகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் என்பவர் நீர்க்கடிகாரம் ஒன்று செய்தார். அதில் நீர் ஒரே சீராக விழவேண்டும். அதற்காக ஒரு மிதவையை அமைத்தார். மட்டம் உயர்ந்தால் மிதவை எழும்பி நீர்வரத்தை அடைக்கும். தாழ்ந்தால் இறங்கி வழிவிடும். உங்கள் மாடித் தொட்டியிலுள்ள மிதவை வால்வும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. தொட்டிக்குப் பின்னூட்டம் இருக்கிறது. தண்ணீரைச் செலவிடும் மனிதருக்குத்தான் இல்லை!

1850-களின் தொடக்கத்தில் வில்லியம் சீமென்ஸ், நீரோட்டத்தால் சுழலும் தண்ணீர் மீட்டரை உருவாக்கினார். ஆயினும் மீட்டரின் எண் பெரும்பாலும் கட்டணச் சீட்டுக்கே பயன்பட்டது. மாதங்கள் கழித்து வரும் சீட்டைப் பார்த்து, எந்த நாளில் எதற்காக நீர் வீணாயிற்று என்று யார் சொல்ல முடியும்? மீட்டரே இல்லாமல் ஒரே கட்டணம் செலுத்தும் வீடுகளும் நம் நகரங்களில் ஏராளம்.

எண்ணை மக்களிடம் காட்டினால் என்ன ஆகும்? 2007-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள காப் வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். சிக்கனக் குறிப்புகளை மட்டும் பெற்ற வீடுகளில் நீர்ச்செலவு ஏறக்குறைய 1 விழுக்காடே குறைந்தது. அண்டை வீடுகளின் செலவோடு தம் செலவை ஒப்பிட்டுக் காட்டும் கடிதம் பெற்ற வீடுகளில் அது 5 விழுக்காட்டை நெருங்கியது. காலம் செல்லச் செல்ல அதன் பயன் மங்கியது என்பதையும் மறக்கக்கூடாது. பின்னூட்டம் தொடர்ந்து வரவேண்டும்.

2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், குழாய்கள் வற்றப்போகும் நாளை முன்கூட்டியே அறிவித்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு விதித்தது. குறைவாகச் செலவிட்ட வீடுகளைப் பச்சைப் புள்ளிகளால் காட்டும் வரைபடத்தையும் வெளியிட்டது. கட்டண உயர்வும் குழாய் அழுத்தக் குறைப்பும் கூடவே இருந்தன. 2015-ஐ ஒப்பிட, நகரின் நீர்ச்செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நாள் வரவேயில்லை.

சென்னையில் 2019-ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. சூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீர் ரயிலில் வந்தது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டு அளவுமுறை. அப்படியானால் அந்த ரயில் நீர் 18,500 பேருக்கு ஒரே ஒரு நாளுக்குத்தான் போதும்! அந்த நாட்களில் லாரியில் குடம் குடமாகப் பிடித்த குடும்பங்களுக்கு எத்தனை குடம் செலவாயிற்று என்பது துல்லியமாகத் தெரியும். குடமே அவர்களுக்கு மீட்டர். குழாயில் நீர் வந்ததும் கணக்கு மறந்துபோயிற்று.

வறட்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் நீர்மட்டம் 10 செ.மீ. இறங்கினால், செலவான நீர் 78.5 லிட்டர். சுத்தமான ஒரு கோலில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். தொட்டி நிரம்பியதும் ஒரு முறையும், மறுபடி நிரப்புமுன் ஒரு முறையும் மட்டத்தைப் பாருங்கள். வேறுபாட்டைச் சமையலறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 69 செ.மீ. இறங்கினால், அதுவே 135 லிட்டர் கணக்கு. யாரும் நீரைத் தொடாத இரவிலும் மட்டம் இறங்குகிறதா? எங்கோ கசிவு இருக்கிறது.

வைகை அணைக்காக வீடுவாசலை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் வடுகபட்டிக்கு வந்தவையும் உண்டு. கவிஞர் வைரமுத்துவின் குடும்பம் அவற்றுள் ஒன்று. அணைநீருக்கு அவர்கள் கொடுத்த விலை எந்தக் கட்டணச் சீட்டிலும் வராது. அந்த நீரில் இன்று எவ்வளவு செலவிட்டோம் என்று அறிவதற்கு நமக்குத் தேவைப்படுவது ஒரு கோலும் சில கோடுகளும்தான். இன்றே தொடங்குங்கள்.