பனங்காடையும் தசராக் கூண்டும்

ஹைதராபாத் வந்த புதிதில், ஒரு தசரா காலையில் கூண்டோடு ஒருவர் வாசலுக்கு வந்தார். உள்ளே பாலபிட்டா. பார்த்தால் நல்லது, காசு கொடுங்கள் என்றார். கொடுத்தேன். "ஏம்ப்பா இது பறக்கவே மாட்டேங்குது?" என்று பையன் கேட்டபிறகுதான் கவனித்தேன், இறக்கையைக் கட்டியிருந்தார்கள்.

நம்ம பனங்காடைதான் இது. வடக்கே நீல்கண்ட். ராமர் ராவணனோடு போருக்குப் போகுமுன் இதைப் பார்த்தார் என்று நம்பிக்கை. வெள்ளைக்காரர்கள் ப்ளூ ஜே என்றார்கள். அமெரிக்காவின் அசல் ப்ளூ ஜே காக்காய்க்குச் சொந்தம். இது மீன்கொத்திக்குச் சொந்தம்.

அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காக இதன் இறகு கப்பலேறியது. 1902-ல் இறகு ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2014-ல் தெலங்கானா இதையே மாநிலப் பறவையாக்கியது. ஆனாலும் தசராவுக்காகப் பிடிப்பது நிற்கவில்லை. தொப்பியிலிருந்து தப்பிய பறவை கூண்டில் மாட்டிக்கொண்டது. நாம் கொடுக்கும் காசுதான் அடுத்த வருஷக் கூண்டுக்கு முதலீடு.

வீட்டுப் பக்கம் வரவழைக்கத் தானியம் வைத்துப் பயனில்லை. வெட்டுக்கிளி, வண்டுதான் அதற்குச் சாப்பாடு. தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். பட்டுப்போன மரத்தை வெட்டாதீர்கள். அதன் பொந்தில்தான் முட்டையிடும். ஊருக்கு வெளியே மின்கம்பிகளில் தேடினாலும் கிடைக்கும்.

உட்கார்ந்திருக்கும்போது மார்பெல்லாம் பழுப்பு, சாதாரணமாகத்தான் தெரியும். இறக்கையை விரித்தால்தான் அந்த நீலம். கூண்டுக்குள் பார்த்தவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. இப்போதெல்லாம் தசராவன்று நாங்கள் பையனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விடுகிறோம்.