உரசி இறக்கிய எழுத்துகள்

லண்டனில் 1959-ல் தொடங்கப்பட்ட லெட்ராசெட் நிறுவனம் முதலில் நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துகளையே விற்றது. 1961-ல் நீரின் தேவை ஒழிந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் அடிப்பக்கத்தில் எழுத்துகள் இடவலம் மாறி அச்சிடப்பட்டிருக்கும். அவற்றின்மேல் மெல்லிய பசைப்பூச்சு. தாளைக் காகிதத்தின்மீது வைத்து மழுங்கிய முனையால் உரசினால், எழுத்து தாளை விட்டுக் காகிதத்தில் இறங்கிவிடும்.

அதுவரை ஒரு நல்ல தலைப்பு வேண்டுமென்றால் அச்சுக்கோப்பவரிடமோ, தூரிகை பிடித்த ஓவியரிடமோதான் போகவேண்டும். இப்போது மாணவனும் சிற்றிதழ்க்காரனும் தன் மேசையிலேயே அதை அமைத்துக்கொண்டான். சிக்கனமும் கூடவே வந்தது. ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் 'ஈ' தீர்ந்துபோனால், 'எஃப்' எழுத்தின் காலடியில் ஒரு கோட்டை ஒட்டிச் சமாளித்தார்கள்.

ஆயினும் எளிமையோடு ஒரு பொறுப்பும் கைமாறியது. ஈய எழுத்துக்கு உடல் உண்டு. அதன் அகலமே அடுத்த எழுத்துக்கான இடைவெளியைத் தந்துவிடும். உரசும் எழுத்துக்கு உடல் இல்லை. எழுத்துகளுக்கடியில் சிறு கோடுகளை அச்சிட்டு நிறுவனம் வழிகாட்டியது. என்றாலும் இறுதித் தீர்ப்பு கண்ணுடையதுதான். உரசியபின் நகர்த்த முடியாது. இடைவெளியும் வடிவம்தான் என்பதை ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்கள் விரல்நுனியில் கற்றது இப்படித்தான்.

நிறுவனம் தனக்கென்று எழுத்துருக்களையும் உருவாக்கியது. 1963-ல் ஃப்ரெட் லாம்பர்ட்டின் காம்பாக்டா வந்தது. 1964-ல் ஒளிப்படத் தொழில்நுட்பராகச் சேர்ந்த காலின் பிரிக்னல், மறு ஆண்டே கவுண்ட்டவுன் என்ற எழுத்துருவை வரைந்தார். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் படலத்தில் கத்தியால் வெட்டி எடுத்த கைவினைஞர்களும் அங்கே இருந்தார்கள். ஃப்ரீடா சாக் போலச் சிலர் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்துரு வடிவமைப்பாளர்களானார்கள். பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம்.

1984-ல் மெக்கின்டாஷும் 1985-ல் பேஜ்மேக்கரும் வந்தபின் உரசல் ஓய்ந்தது. விந்தை என்னவென்றால், அந்தத் தாள்கள் பரப்பிய பொருளற்ற வரிகள் பிழைத்துக்கொண்டன. கிறிஸ்து பிறப்பதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிசரோ எழுதிய நூலைச் சிதைத்து உருவான 'லோரெம் இப்சம்', பேஜ்மேக்கர் வழியே கணினிக்குள் குடியேறியது. பக்கத்தை நிரப்ப இன்றும் அதுவே உதவுகிறது. கவுண்ட்டவுனும் காம்பாக்டாவும்கூடக் கணினி எழுத்துருக்களாகக் கிடைக்கின்றன.

கத்தி பிடித்த கைகளின் வளைவுகள் அவற்றில் இருக்கின்றன. இடைவெளியை மட்டும் இயந்திரம் தானே நிரப்பித் தந்துவிடுகிறது. அது சரிதானா என்று பார்க்க ஒரு கண் இன்னும் வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணைப் பழக்க இப்போது உரசும் தாள் இல்லை.